பங்கில் திருச்சபைப் படிப்பினையையும் சமூகச் சிக்கல்களையும் மரியாதையோடு விவாதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள ஆலயச் சமூகங்களில்) அன்பியக் கூட்டம் (அண்டை வீட்டுக் குடும்பங்கள் கூடும் சிறு குழு), பங்குத்தந்தைக்கு ஆலோசனை கூறும் பங்குப் பேரவை, இளையோர் கூடுகை ஆகியவற்றை நடத்துவோருக்கும் அவற்றில் பேச விரும்புவோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. சாதிப் பாகுபாடு, மதுக்கடை, மரண தண்டனை, வழிபாட்டில் பெண்களின் பங்கு போன்றவை பேச்சுக்கு வந்ததும் கூட்டம் சண்டையில் முடிகிறது என்றால், பெரும்பாலும் செய்ய வேண்டியவை வரிசை மாறிச் செய்யப்பட்டிருக்கும். கேள்வி எத்தகையது என்று பிரிக்காமலே வாதம் தொடங்கியிருக்கும். வாசிக்காத ஏட்டை மேற்கோள் காட்டியிருப்பார்கள். பாதிக்கப்பட்டவர் வாய் திறக்குமுன்பே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். எனவே கீழுள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்ற வேண்டுகிறேன். முதல் ஐந்தும் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை.

1. கூட்டத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

திருவிவிலியம், கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கூடிய பேரவை) வெளியிட்ட ஏடுகளின் தமிழாக்கம், 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஆகிய நான்கும் மேசையில் இருக்கட்டும். பங்கு அலுவலகத்திலோ மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரின் வீட்டிலோ இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்று விட்டால், தேடுபவர் தமக்குச் சாதகமான வரியை மட்டும் கண்டெடுத்து வாசிப்பார். நூல் மேசையில் இருந்தால் முன்பின் பத்திகளையும் எல்லாரும் பார்க்க முடியும்.

நூலின் பதிப்பு ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். மறைக்கல்வி நூலின் 2267ஆம் பத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று 2018இல் திருத்தி எழுதப்பட்டது. அதற்கு முன் அச்சிட்ட நூல்களில், மிக அரிதான சூழலில் அதற்கு இடமுண்டு என்ற பழைய வாசகமே இருக்கும். இருவர் வெவ்வேறு பதிப்புகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

நடத்துநர் ஒருவரும் குறிப்பெடுப்பவர் ஒருவரும் தேவை. பேசப்போகும் சிக்கலில் நடத்துநர் ஒரு தரப்பாக இருக்கக்கூடாது. பேரவைக்குத் தலைமை வகிப்பவர் பங்குத்தந்தை என்பது சட்டம். ஆனால் உரையாடலை நெறிப்படுத்தும் பொறுப்பை அவர் வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், அப்படி ஒப்படைப்பதே நல்லது. ஃபாதர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால், பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள், மீதிப்பேர் அவரை நோக்கியே பேசுவார்கள். ஒருவரோடொருவர் பேசுவது அத்துடன் நின்றுவிடும்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“மதுவைப் பற்றிப் பேசுவோம்” என்பது தலைப்பு மட்டுமே. அதில் கேள்வி இல்லை. அப்படித் தொடங்கும் கூட்டத்தில் ஒருவர் குடிகாரக் கணவர்களைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் அரசின் வருவாயைப் பற்றிப் பேசுவார், மூன்றாமவர் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தை நினைவூட்டுவார். மூவரும் சொல்வது சரியாகவே இருந்தாலும் ஒருவருக்கொருவர் பதிலாக அமையாது.

மாறாக, “நம் பள்ளிக்கூடத் தெருவில் உள்ள டாஸ்மாக் கடையை அகற்றக் கோரி மாவட்ட ஆட்சியருக்குப் பங்கின் பெயரில் மனு கொடுக்கலாமா?” என்று எழுதிப் பாருங்கள். இதற்கு ஆம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் காரணம் கேட்கலாம். எழுதிய வாக்கியத்தைக் கரும்பலகையிலோ பெரிய தாளிலோ எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். பேச்சு திசை மாறும்போது நடத்துநர் யாரையும் கடிந்துகொள்ளத் தேவையின்றி அந்த வாக்கியத்தைச் சுட்டினால் போதும்.

கேள்வியிலேயே தீர்ப்பு ஒளிந்திருக்கக்கூடாது. “பெண்கள் பீடத்துக்கு வந்து வழிபாட்டைக் கெடுப்பதை எப்படித் தடுப்பது?” என்று எழுதினால், எதிர்க்கருத்து உடையவர் பேசத் தொடங்குமுன்பே குற்றவாளி ஆகிவிடுகிறார். கேள்வியின் வாசகத்தை மாற்றுக் கருத்துள்ள ஒருவரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வது பாதுகாப்பான வழி.

3. அது எந்த வகைக் கேள்வி என்று பிரித்தறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். நான் பார்த்த சச்சரவுகளில் மிகுதியானவை, ஒருவர் நம்பிக்கைக் கோட்பாடு என்று நினைத்ததை இன்னொருவர் நிர்வாக ஒழுங்கு என்று நினைத்ததால் எழுந்தவை.

முதல் வகை, நம்பிக்கையின் அடித்தளத்தைச் சேர்ந்த கோட்பாடுகள்: மூவொரு இறைவன், கிறிஸ்துவின் உயிர்ப்பு, நற்கருணையில் அவரது உடனிருப்பு போன்றவை. இவற்றைப் பற்றி ஐயம் கேட்கலாம், விளக்கம் கேட்கலாம். ஆனால் பங்குக் கூட்டம் இவற்றை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் இடம் அன்று. குருத்துவத் திருநிலைப்பாடு (குருவாக அருள்பொழிவு பெறுவது) ஆண்களுக்கு மட்டுமே உரியது என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. திருச்சபைக்கு இதை மாற்ற அதிகாரம் இல்லை என்றும் இது இறுதியாகக் கொள்ள வேண்டிய நிலைப்பாடு என்றும் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1994இல் அறிவித்தார். இதனால் மனம் வருந்துவோர் தம் வருத்தத்தைச் சொல்லக் கேட்பது நம் கடமை. ஆனால் பேரவைத் தீர்மானத்தால் அது மாறும் என்ற எண்ணத்தை யாருக்கும் ஊட்டக்கூடாது.

இரண்டாம் வகை, ஆசிரியப் பணியகம் (கற்பிக்கும் பொறுப்புள்ள திருத்தந்தையும் ஆயர்களும்) அதிகாரத்தோடு கற்பிக்கும் அறநெறி: கருக்கலைப்பு, மரண தண்டனை, தொழிலாளர் உரிமை, மனித மாண்பு முதலியவை. இத்தகைய படிப்பினை இறுதியானதென வரையறுக்கப்படாதபோதும், மனத்தாலும் விருப்பத்தாலும் அதற்குப் பணிய வேண்டும் என்று 1964இல் வெளியான ‘திருச்சபை’ எனும் சங்க ஏட்டின் 25ஆம் பத்தி கேட்கிறது. அதற்காகக் கேள்வியே எழக்கூடாது என்பதில்லை. தம் மனம் ஏன் ஏற்கவில்லை என்பதை ஒருவர் நேர்மையோடு சொல்லலாம். ஆனால் தம் கருத்தையே திருச்சபையின் கருத்தாகச் சொல்லக்கூடாது.

மூன்றாம் வகை ஒழுங்குமுறைகள். இவை மாறியிருக்கின்றன, இனியும் மாறலாம். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் ஆண்கள் மட்டும் என்றிருந்த விதி 2016இல் இறைமக்கள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) ஆகிய பணிகளில் நிலையாக நியமிக்கப்படும் வாய்ப்பு 2021இல் பெண்களுக்கும் திறந்தது. இறந்தோர் உடலை எரிப்பதற்கு இருந்த தடை 1963இல் தளர்ந்தது. ஆயினும் அடக்கம் செய்வதையே திருச்சபை பரிந்துரைக்கிறது, சாம்பலைத் தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வந்த அறிவுரை கூறுகிறது. பீடத்தில் பணிபுரியும் சிறுமியைப் பார்த்து “இது திருச்சபைக்கு எதிரானது” என்று ஒரு பெரியவர் சொல்வாரானால், அவர் மூன்றாம் வகையை முதல் வகையோடு குழப்புகிறார். அவரோடு இறையியல் வாதம் செய்யத் தேவையில்லை. ஆண்டையும் ஆணையையும் சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும்.

நான்காம் வகை நடைமுறைத் தீர்ப்புகள். நெறி எல்லாருக்கும் பொதுவாக இருக்கும், அதைச் செயற்படுத்தும் வழியில் கருத்து வேறுபடும். மதுவைப் பொறுத்தவரை மறைக்கல்வி நூலின் 2290ஆம் பத்தி அளவுமீறலைக் கண்டிக்கிறது, மிதமாக இருப்பதை வேண்டுகிறது. முழு மதுவிலக்கு வேண்டுமா, கடைகளைக் குறைப்பது போதுமா, மறுவாழ்வு மையங்களுக்கு முதலிடம் தர வேண்டுமா என்பதைத் திருச்சபை வரையறுக்கவில்லை. கூடங்குளம் அணுவுலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் உண்ணாநிலைப் போராட்டம் நடந்தபோது, அதை ஆதரித்த கத்தோலிக்கரும் இருந்தனர், அணுமின்சாரம் தேவை என்று நினைத்த கத்தோலிக்கரும் இருந்தனர். இத்தகைய வேளைகளில் எந்தத் தரப்பும் திருச்சபையின் அதிகாரத்தைத் தன் கருத்துக்கு மட்டுமே உரியதாக்கிக்கொள்ளக்கூடாது என்று ‘இன்றைய உலகில் திருச்சபை’ எனும் சங்க ஏட்டின் 43ஆம் பத்தி தெளிவாகவே கூறுகிறது. என் அனுபவத்தில், பங்கில் உரக்கச் சொல்லி வாசிக்க வேண்டிய பத்தி இது.

விவாதத்துக்கே உரியதல்லாத ஒன்றும் உண்டு. ஒரு குழந்தை பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகத் தெரியவந்தால், அது கருத்துக் கேட்கும் பொருள் ஆகாது. அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குற்றம் சாட்டப்பட்டவர் யாராக இருந்தாலும், பங்கின் நற்பெயரைக் காரணம் காட்டிப் பேரவையில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாரேனும் சொன்னால், நடத்துநர் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும்.

4. மூல உரையை எடுத்து வாசியுங்கள்

“திருத்தந்தை சொல்லிவிட்டார்” என்ற வாக்கியம் கூட்டத்தில் எழும்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: எந்த ஏட்டில், எந்த ஆண்டில், எந்தப் பத்தியில்? விமானத்தில் செய்தியாளருக்குத் தந்த பதிலுக்கும், திருத்தந்தை திருச்சபைக்கு அதிகாரபூர்வமாக எழுதும் சுற்றுமடலுக்கும் ஒரே எடை இல்லை. நாளிதழ்த் தலைப்பை மட்டும் வாசித்தவர் பெரும்பாலும் தலைப்பை எழுதியவரின் கருத்தைத்தான் ஏந்தி வருகிறார். 2023 டிசம்பரில் வெளியான, ஆசி வழங்குதல் பற்றிய வத்திக்கான் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். “ஒருபால் திருமணத்தைத் திருச்சபை ஏற்றுவிட்டது” என்று பலர் பேசினார்கள். அந்த ஏடோ திருமணம் பற்றிய படிப்பினையை மாற்றாமல், வழிபாட்டுச் சடங்கின் வடிவம் இல்லாத எளிய ஆசியைப் பற்றியே பேசியது. அதை வரவேற்றவர்களும் எதிர்த்தவர்களும் முதலில் அதை வாசித்திருந்தால் பேச்சு வேறு தரத்தில் நடந்திருக்கும்.

விவிலிய வசனத்துக்கும் இதுவே பொருந்தும். ஒற்றை வசனத்தை எடுத்து எதிராளியின் வாயை அடைப்பது பங்குகளில் மிகப் பரவலான பழக்கம். வசனம் சொல்பவர் அதிகாரம் முழுவதையும் வாசிக்கட்டும் என்பதை விதியாக்கிவிட்டால், வசனங்கள் குறையும், வாசிப்பு கூடும்.

தேவையான பகுதியைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத்துக்கு மிகாமல் படியெடுத்துக் கொடுத்துவிடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்போரும் கண்பார்வை குறைந்தோரும் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கூட்டத்தின் தொடக்கத்தில் அப்பகுதியை நிதானமாக ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். படித்தவர்கள் மட்டும் பேசுகிற கூட்டமாக அது மாறாதிருக்க இது உதவும்.

5. இந்தக் கூட்டத்தால் எதை முடிவு செய்ய இயலும் என்று அறிவியுங்கள்

திருச்சபைச் சட்டம் 536இன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. அன்பியக் கூட்டத்துக்கு அதுவும் இல்லை. அது தன் கருத்தைப் பேரவைக்கு அனுப்பலாம். இதை முன்னதாகச் சொல்லாவிட்டால், இரண்டு மணி நேரம் பேசிக் கைதூக்கி வாக்களித்த மக்கள், பங்குத்தந்தை வேறு முடிவெடுக்கும்போது ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

அதே வேளையில், ஆலோசனைதானே என்று அலட்சியம் செய்யவும் இடமில்லை. திருச்சபையின் நன்மை சார்ந்தவற்றில் தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற இறைமக்களுக்கும் தெரிவிக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும், நம்பிக்கையாளருக்கு உண்டு என்று சட்டம் 212 கூறுகிறது. நம்பிக்கையும் அறநெறியும் பழுதுபடாமல், மேய்ப்பர்கள்மீது மரியாதையோடு, பொதுநன்மையையும் ஆள்களின் மாண்பையும் கருதிச் சொல்ல வேண்டும் என்பதும் அதே சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையை வாசிப்பவர் நிபந்தனையையும், நிபந்தனையை வாசிப்பவர் உரிமையையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

6. சுமையைச் சுமப்பவர் முதலில் பேசட்டும்

மரியாதை என்ற சொல்லின் பெயரால் நம் பங்குகளில் நெடுங்காலமாகச் சிலரே வாய் மூடியிருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறார்கள். குரல் உயர்த்தாமல் பேசுவது மட்டுமே மரியாதை என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே வசதியாக இருப்பவர் எளிதில் மரியாதையாளர் ஆகிவிடுவார். அடிபட்டவர் குரல் தழுதழுத்ததும் மரியாதை கெட்டவர் ஆகிவிடுவார். அதனால்தான் பேசும் வரிசையை நடத்துநர் முன்பே திட்டமிட வேண்டும் என்கிறேன்.

திருவிழாத் தேர் பற்றிய ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். தலித் மக்கள் வாழும் தெருவிலிருந்து வந்த பெண் ஒருவர், “எங்க தெருவுக்கு மாதா வரக்கூடாதாங்கய்யா?” என்று கேட்கிறார். பெரியவர் ஒருவர், “ஆதியில இருந்து தேர் இந்த வழியாத்தாம்மா போகுது, கோயிலுக்குள்ள சாதியைக் கொண்டுவராதீங்க” என்கிறார். பெரியவரின் குரல் மென்மையானது, ‘அம்மா’ என்றுதான் அழைக்கிறார். ஆனால் கேள்வி கேட்டவரே சாதியைக் கொண்டுவந்தவர் என்று ஆகிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதிலும் வரவில்லை.

இங்கு நடத்துநர் சொல்ல வேண்டியது இதுதான்: “ஐயா, அக்கா கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. தேர் அந்தத் தெருவுக்குப் போகாததுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச காரணத்தைச் சொல்லுங்க.” அதன்பின் பெரும்பாலும் தெரு குறுகலானது, மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்ற காரணங்கள் வரும். இவை சரிபார்க்கத்தக்கவை. இரு தரப்பிலிருந்தும் இருவர் போய்த் தேரின் அகலத்தையும் தெருவின் அகலத்தையும் கம்பியின் உயரத்தையும் அளந்து வரட்டும். தேர் போக இயலாது என்று அளவு காட்டினால் சிறிய சப்பரத்தைப் பற்றிப் பேசலாம். போக இயலும் என்று காட்டினால், எஞ்சியிருக்கும் காரணம் சாதி ஒன்றே என்பதை எல்லாரும் அறிவார்கள். அதை அந்தப் பெயராலேயே சொல்ல வேண்டும்.

அப்போது எடுத்து வாசிக்க வேண்டிய உரைகள் உண்டு. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களுக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி சார்ந்த முற்சாய்வின் சாயல்கூட மெய்யான ஒன்றிப்புக்கு எதிரான அடையாளம் என்றும், சாதிப் பிரிவினையை நிலைநிறுத்தும் வழக்கங்கள் சீர்திருத்தப்பட வேண்டும் என்றும் கூறினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களை ஆற்றல்படுத்துவதற்கான கொள்கை ஏட்டையே வெளியிட்டது. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் மாண்பிலும் செயலிலும் சமம் என்பது சட்டம் 208.

ஆகவே, தேர் அந்தத் தெருவுக்குப் போகலாமா என்று வாக்கெடுப்பு நடத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமத்துவம் பெரும்பான்மையின் இசைவைப் பொறுத்ததன்று. எந்த நாளில், எந்த வழியில், யார் பொறுப்பில் என்பதைப் பற்றிப் பேரவை கலந்து பேசட்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நிகழ்கிறது. பங்குக்குள் நிலவும் பாகுபாட்டைப் பேசும்போது, யாரேனும் ஒருவர் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலினத் தகுதியை அரசு மறுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அந்த அநீதி உண்மையானது: பட்டியலினத்தவர் யார் என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை, சேர்க்கக் கோரித் தமிழகச் சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானமும் நிறைவேற்றியது. ஆனால் அது அரசிடம் கேட்க வேண்டியது. தேர் நம்மிடமே கேட்கப்படுவது. முன்னதைக் கொண்டு பின்னதைத் தள்ளிப்போட நடத்துநர் இடம் கொடுக்கக்கூடாது.

7. பேச்சைச் சுற்றுகளாக நடத்துங்கள்

உரோமையில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் நடந்த உலக ஆயர் மாமன்றத்தில் பின்பற்றிய முறை பங்குக்கும் பொருந்துகிறது. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்வார்கள், யாரும் குறுக்கிடமாட்டார்கள், பதிலும் சொல்லமாட்டார்கள். சற்று நேரம் அமைதி. இரண்டாம் சுற்றில், பிறர் சொன்னவற்றில் தம் உள்ளத்தைத் தொட்டது எது என்பதை மட்டும் சொல்வார்கள். மீண்டும் அமைதி. மூன்றாம் சுற்றில்தான் எல்லாரும் சேர்ந்து ஒத்த கருத்தையும் வேறுபாட்டையும் தேடுவார்கள்.

ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று நிமிடம் போதும். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் இரு குழுவாகப் பிரிந்து அமருங்கள். இரண்டாம் சுற்றைத் தேவையற்றது என்று தவிர்ப்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டால், முதல் சுற்று முழுவதும் மற்றவர்கள் தங்கள் மறுப்பைத் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்; பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால்தான் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

8. மறுப்பதற்கு முன் அவர் கருத்தை அவரே ஒப்பும்படி சொல்லுங்கள்

பிறர் கூற்றைக் கண்டிப்பதைவிட நல்ல பொருளில் எடுத்துக்கொள்ளவே ஒவ்வொரு நல்ல கிறிஸ்தவரும் முந்த வேண்டும் என்பது புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் உள்ள நெறி. மறைக்கல்வி நூலின் 2478ஆம் பத்தியும் அதை எடுத்தாள்கிறது. நடைமுறையில் இது எளிது. “நீங்கள் சொல்வது, தண்டனை கடுமையாக இல்லாவிட்டால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு இருக்காது என்பதுதானே?” என்று கேளுங்கள். அவர் “ஆமாம், அதுதான்” என்று சொன்னபின் உங்கள் மறுப்பைத் தொடங்குங்கள்.

“அப்படியானால் கொலைக்கு ஆதரவா?” என்று தொடங்கினால், மரண தண்டனையை ஏற்பவர் தம் அச்சத்தை மறைத்துக்கொண்டு தம் பெயரைக் காத்துக்கொள்ளவே பேசுவார். அச்சத்தை முதலில் ஒப்புக்கொண்டால், கொடிய குற்றம் செய்தவரும் தம் மாண்பை இழப்பதில்லை, அவரிடமிருந்து மக்களைக் காக்க இன்று வேறு வழிகள் உள்ளன என்று 2267ஆம் பத்தி தரும் காரணங்களை அவர் கேட்பதற்கு இடம் உண்டாகும். ஏற்பது அவர் மனச்சான்றின் வேலை.

9. ஆளைத் தொடாதீர்கள், அறையில் இருப்பவரை மறவாதீர்கள்

“உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாதா?” என்ற வகைப் பேச்சு வந்ததும் நடத்துநர் உடனே நிறுத்த வேண்டும். ஒருவரின் நற்பெயரைக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்பது சட்டம் 220. உண்மையானாலும், தகுந்த காரணமின்றிப் பிறர் குறையை அறியாதவரிடம் வெளிப்படுத்துவது பாவம் என்றே மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது.

கருக்கலைப்பு, மணமுறிவு, தற்கொலை, ஒருபால் ஈர்ப்பு பற்றிய பேச்சுகளில் இன்னும் கவனம் தேவை. அதைக் கடந்து வந்தவரோ அவர் தாயோ அதே பாயில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் தம்மை வெளிக்காட்டமாட்டார். படிப்பினையை மழுப்பச் சொல்லவில்லை. “இப்படிச் செய்பவர்கள்” என்று சுட்டிப் பேசாமல், செயலைப் பற்றியும் மனம் மாறியவருக்குத் திறந்திருக்கும் ஒப்புரவு அருளடையாளத்தை (பாவ மன்னிப்புப் பெறும் சடங்கை)ப் பற்றியும் பேசுங்கள் என்கிறேன்.

குரல்கள் உயர்ந்தால் ஐந்து நிமிடம் நிறுத்தித் தேநீர் கொடுங்கள். அவசரமாகச் செபம் சொல்லித் தணிக்க முயல வேண்டாம். வாதத்தில் ஒருவர் வாயடைப்பதற்குச் செபம் பயன்பட்டது என்ற எண்ணம் வந்துவிட்டால் அது செபத்துக்கும் நல்லதன்று.

10. பேச்சு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால்

பங்கின் அறிவிப்புக் குழுவில் விவாதம் வேண்டாம். திருப்பலி நேரத்தையும் இறப்புச் செய்தியையும் எதிர்பார்த்து இருப்பவர்கள் வெளியேறிவிடுவார்கள். குழுவில் ஒருவர் தவறான செய்தியைப் பகிர்ந்தால், முதலில் அவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். தனியே எடுத்துரைத்து, கேளாவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்து, அதன்பின்பே சபையில் சொல்ல வேண்டும் என்ற வரிசை மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. செய்தி ஏற்கெனவே பரவிவிட்டதென்றால், அவர் பெயரைச் சொல்லாமல் சரியான பத்தியின் படத்தை மட்டும் பதிவிடலாம். இரவு பத்து மணிக்கு மேல் எழுதும் பதிலைக் காலையில் மறுபடி வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

11. கூட்டம் முடிந்தபின்

குறிப்பெடுத்தவர் அரைப் பக்கத்தில் எழுத வேண்டியவை: கேள்வி என்ன, அது எந்த வகை, வாசித்த பத்திகள், ஒத்த கருத்து, ஒவ்வாத கருத்து, அடுத்து யார் என்ன செய்வார். எதிர்க்கருத்தை அதைச் சொன்னவரிடம் காட்டி, வாசகம் சரிதானா என்று கேட்டு எழுதுங்கள். சிறுபான்மைக் கருத்து பதிவாகவில்லை என்றால் அது வெளியே முணுமுணுப்பாகத் தொடரும்.

பங்குத்தந்தைக்கோ ஆயருக்கோ மறைமாவட்டப் பணிக்குழுவுக்கோ கடிதம் எழுதுவதானால் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நடந்தது, அது எந்தப் படிப்பினைக்கு ஒவ்வாதது, கேட்பது என்ன என்ற முறையில் அமையட்டும். கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் கட்டாயம். பெயரில்லாக் கடிதத்தைப் பெறுபவர் யாரிடம் விளக்கம் கேட்பார்? படி ஒன்றைப் பேரவைச் செயலரிடம் கொடுத்துக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். பதில் வந்தால் அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாசியுங்கள். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள், நேரில் சந்திக்க இருவர் நேரம் கேளுங்கள். கூட்டத்தில் கண்கலங்கியவரையோ கோபித்து எழுந்து போனவரையோ அந்த வாரத்துக்குள் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும்; அப்போது விவாதத்தை மறுபடி தொடங்காமல், அவர் பேச விரும்பினால் மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.